லண்டனில் சுரண்டிய ஆறு எழுத்து

லண்டனில் ஒன்பது நாள் இருந்தேன். அதில் ஆறு நாள் கோபமாக இருந்தேன். மீதியில் ஒரு நாள் தூங்கினேன், ஒரு நாள் நாடகம் போட்டேன். இன்னொரு நாள் என்ன செய்தேன் என்று நினைவில்லை. அன்றைக்கும் கோபமாகத்தான் இருந்திருப்பேன்.

நான் கீரனூர் தனபாக்கியம். புதுக்கோட்டைப் பக்கத்துத் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகம் பார்த்தவர்களுக்கு என்னைத் தெரிந்திருக்கும். சின்ன வயதிலிருந்து ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி வேஷம். தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: எங்கள் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், பபூன் ஒரு ஊரிலிருந்து வருவார், ஆர்மோனியம் இன்னொரு ஊர். மேக்கப் போடும் இடத்தில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். மேடை ஏறிவிட்டால் பிறந்ததிலிருந்து பழகியவர்கள் மாதிரி பேசுவோம். ஊரைச் சேர்த்துத்தான் எங்கள் பெயர். நோட்டீஸில் போட்டோ இருக்கும், அதற்குக் கீழே என்ன வேஷம், எந்த ஊர், என்ன பெயர் என்று இருக்கும். நான் பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரை. பாட்டும் வசனமும் காது வழியாக ஏறியவை. இதை எழுத்துக்கூட்டி நானேதான் எழுதுகிறேன். மெதுவாகத்தான் வரும். நீங்களும் மெதுவாகப் படியுங்கள்.

லண்டனில் ஃபாரஸ்ட் கேட் பக்கம் இலங்கைத் தமிழர்கள் ஒரு கோயில் வைத்திருக்கிறார்கள். அதன் ஆண்டு விழாவுக்கு எங்கள் நாடகச் செட்டைக் கூப்பிட்டார்கள். ஐந்து பேர் போனோம். வெறுங்கையோடு சாமி முன்னால் நிற்பது எனக்குப் பழக்கமில்லை. ஒரு வெண்கல மணி வாங்கினேன். பாத்திரக்கடை வாசலில் பேர் வெட்டுகிறவர் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாக அவர் வெட்ட வெட்டப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வரி. உபயம் என்று ஒரு வரி. கீரனூர் தனபாக்கியம் என்று ஒரு வரி. நாடக நடிகை என்று ஒரு வரி.

எங்கள் ஊரில் கோயிலுக்கு ஒரு டியூப் லைட் கொடுத்தால்கூட அதன் மேல் உபயம் என்று பெரிதாக எழுதி, பாதி வெளிச்சத்தை மறைத்துவிடுவார்கள். யார் கொடுத்தது என்று சாமிக்குத் தெரியாதா என்று சிலர் கேட்பார்கள். சாமிக்குத் தெரியும். ஊருக்குத் தெரிய வேண்டாமா?

மணியின் நாக்கைப் பழைய ஜரிகைத் துணியால் சுற்றிக் கைப்பையில்தான் வைத்திருந்தேன். லண்டனில் இறங்கியதும் ஒரு ஆபீசரம்மா பையைத் திறக்கச் சொன்னார். துணியை அவிழ்த்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, ஒரு ஆட்டு ஆட்டினார். அந்தப் பெரிய கூடத்தில் வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். எங்கள் பபூன் கருப்பையா கன்னத்தில் போட்டுக்கொண்டான். "அக்கா, தீபாராதனை முடிஞ்சிருச்சு, விபூதி வாங்கிட்டுப் போகலாம்" என்றான். ஆபீசரம்மா சிரித்துவிட்டு மணியைத் திரும்பக் கொடுத்தார். அந்த நாட்டில் என் மணிக்குக் கிடைத்த முதல் மரியாதை அதுதான். கடைசி மரியாதையும் அதுவாகவே போய்விடும் போலிருந்தது.

தங்கியது கௌரி வீட்டில். நாற்பத்தைந்து வயதுப் பெண், யாழ்ப்பாணம். பெரிய மியூசியத்தில், வருகிறவர்களின் கோட்டையும் பையையும் வாங்கி வைக்கிற இடத்தில் வேலை. முதல் நாளே புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தாள். "சாப்பிடுங்கோ அம்மா, வெட்கப்படாதேங்கோ" என்றாள். நான் எங்கே வெட்கப்பட்டேன்? மூன்றாம் முறையாக வாங்கிக்கொண்டிருந்தேன். காரம் எங்கள் ஊர்க் காரத்தை விட ஒரு படி மேல். லண்டன் என்றால் சப்பென்றிருக்கும் என்று சொன்னவர்கள் யாரும் கௌரி வீட்டில் சாப்பிட்டதில்லை.

இரண்டாம் நாள் கோயிலுக்குப் போய் மணியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர் கமிட்டிச் செயலாளர் சண்முகநாதன். வழுக்கைத் தலை, சட்டைப் பையில் மூன்று பேனா. குனிந்து இரண்டு கையாலும் வாங்கினார். "நல்ல கனமாய் இருக்குது அம்மா. பொலிஷ் பண்ணிப்போட்டு வாசலிலை கொளுவுவம்" என்றார். மாட்டுவதை அப்படிச் சொல்கிறார்கள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. வாசலில் உபயம் கொடுத்தவர்களின் பெயர்ப் பலகை ஒன்று இருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். டாக்டர் இன்னார். பொறியியலாளர் இன்னார். நகை மாளிகை உரிமையாளர் இன்னார். சட்டத்தரணி என்று ஒன்று இருந்தது. அது வக்கீலாம், கௌரி சொன்னாள். நல்ல பழக்கம், தொழிலையும் சேர்த்துப் போடுகிறார்களே என்று நினைத்தேன்.

நான்காம் நாள் போனபோது மணி செயலாளரின் அறையில் மேஜை மேல் இருந்தது. பளபளவென்று இருந்தது. ஒரு இடம் மட்டும் மற்ற இடத்தை விட அதிகமாகப் பளபளத்தது. கிட்டப் போய் விரலை வைத்துப் பார்த்தேன். முதல் வரி இருந்தது. இரண்டாம் வரி இருந்தது. மூன்றாம் வரி இருந்த இடத்தில் வழுவழுவென்று ஒரு பள்ளம். மெஷின் வைத்துச் சுரண்டியிருந்தார்கள்.

"மூணாவது வரி எங்க?" என்று கேட்டேன்.

செயலாளர் பேனாக்களைச் சரிசெய்தார். "கோவிக்காதேங்கோ அம்மா. கமிட்டியில கதைச்சுத்தான் செய்தனாங்கள். நடிகை எண்டு கோயில் வாசலிலை கிடந்தால் சனம் ஒரு மாதிரிக் கதைக்கும். உங்கட பேரிலை நாங்கள் கை வைக்கேல்லை, பாருங்கோ."

"யாரைக் கேட்டுச் சுரண்டினீங்க?"

"உங்கட மரியாதைக்காகத்தான் அம்மா."

என் மரியாதைக்காக! திருச்சியில் வீடு வாடகைக்குக் கேட்டபோது, நாடகக்காரிக்கு வீடு கிடையாது என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னவன்கூட இவரை விடத் தேவலாம். அவன் திட்டிவிட்டுக் கதவைச் சாத்தினான். இவர் கும்பிட்டுவிட்டுச் சுரண்டுகிறார்.

"டாக்டர்னு பலகையில போட்டிருக்கீங்களே, அவர் மரியாதைக்கு அதையும் சுரண்டிருவீங்களா?"

"அது வேறை அம்மா."

"என்ன வேற? விழாவுக்கு ஆள் வேணும்னா நடிகை வேணும். மணியில மட்டும் நடிகை வேண்டாம். அப்படித்தானே? எனக்கு அந்த ஆறு எழுத்தும் திரும்ப வரணும். வராம நான் அரிதாரம் பூச மாட்டேன்."

"அம்மா, ஞாயிற்றுக்கிழமை ஹோல் எடுத்திருக்கு, சனத்துக்கெல்லாம் சொல்லியாச்சு…"

"எடுத்த ஹால்ல கமிட்டிக்காரங்களே வேஷம் கட்டுங்க. உங்களுக்கு ராஜபார்ட் பொருத்தமா இருக்கும்."

வெளியே வந்துவிட்டேன். கருப்பையா பின்னாலேயே ஓடி வந்தான். "அக்கா, நம்ம ஊருன்னா கோவிச்சுக்கிட்டுப் பொறந்த வீட்டுக்குப் போவ. இங்க எங்க போவ?" என்றான். அவனையும் திட்டினேன். அன்று ராத்திரி கௌரி இடியப்பமும் சொதியும் வைத்தாள். கோபத்தில் பத்துதான் சாப்பிட்டேன்.

மறுநாள் கௌரிக்கு லீவு. "வீட்டிலை இருந்தால் சுவரோடை சண்டை பிடிப்பியள். வெளிக்கிடுங்கோ அம்மா, மியூசியம் காட்டுறன்" என்று இழுத்துக்கொண்டு போனாள். மாடி பஸ்ஸில் முன் சீட்டுக் கிடைத்தது. கொஞ்சம் மனசு ஆறிக்கொண்டு வந்தபோது பஸ் நடுவழியில் நின்றது. ஒரு குரல் ஏதோ சொன்னது. அத்தனை பேரும் எழுந்து மூச்சுக் காட்டாமல் இறங்கினார்கள். என்னவென்று கேட்டால், இந்த பஸ் இதோடு முடிகிறதாம். ஏன் முடிகிறது? யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவுமில்லை. எங்கள் ஊரில் பஸ்ஸைப் பாதியில் நிறுத்திவிட்டு ஒரு கண்டக்டர் ஒழுங்காக வீடு போய்ச் சேர முடியுமா? எனக்கு இறங்கவே பிடிக்கவில்லை. டிரைவர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்தார். "உள்ளே அம்மா இன்னும் இருக்கிறாரே" என்று அவர் கேட்டதாகக் கௌரி சொன்னாள். "அம்மா இந்தக் கிழமை முழுக்க யார் சொன்னாலும் இறங்கிறதில்லை" என்று இவள் பதில் சொன்னாளாம்.

மியூசியத்தில் பார்த்ததை எல்லாம் சொல்ல மாட்டேன். பாதி சாமி, பாதி பிணம். மத்தியானம் முக்கோணமாக வெட்டிய, வாட்டாத ரொட்டி ஒன்று வாங்கித் தந்தாள். ஐஸ் பெட்டியில் இருந்ததை அப்படியே கையில் கொடுக்கிறார்கள். பச்சைப் பிள்ளைக்கு வைத்தால்கூடத் துப்பிவிடும்.

பிறகு ஒரு அறைக்குள் போனோம். சுவரோரம் கற்கள் நின்றன. உருவம் கிடையாது, எல்லாம் எழுத்து. ஒரு வெள்ளைக்கார டீச்சரம்மா பத்துப் பதினைந்து மாணவர்களை நிறுத்தி வைத்து ஒரு கல்லைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். கௌரி என் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"ரோமாபுரி ராசாக்கள் ஆண்ட காலத்துக் கிரேக்கக் கல்லாம் அம்மா. ஒரு நாடகக்காரன் கோயிலுக்கு வைச்சதாம்."

நான் நின்றுவிட்டேன். "நாடகக்காரனா? நல்லாக் கேட்டியா?"

"ஓம். சோக நாடகத்திலை வேஷம் கட்டினவனாம். முதல்லை அவன்ர பேர். பிறகு தகப்பன்ர பேர், ஊர். பிறகு என்ன வேஷக்காரன் எண்டு. பிறகு எந்தெந்த ஊர்ப் போட்டியிலை வெண்டவன், எந்தெந்த ஊர் அவனைத் தங்கட ஊராளாய் ஏத்துக்கொண்டது. கடைசியிலை, சாமிக்கு வைச்சது எண்டு."

"கௌரி, இது நோட்டீஸு!" என்று சத்தம் போட்டுவிட்டேன். மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். பேர், ஊர், வேஷம். எங்கள் நோட்டீஸில் இருக்கும் அதே விஷயம். போட்டோதான் இல்லை.

பக்கத்துக் கல் வாய் பேசாமல் அபிநயத்திலேயே கதை சொல்லும் ஆட்டக்காரன் வைத்தது. அவனும் தன் தொழிலைப் போட்டிருந்தான். அவர்களுக்கு அந்தக் காலத்திலேயே நாடகக்காரர் சங்கம் இருந்ததாம், சங்கமும் கல் வைத்திருக்கிறதாம். எங்களுக்குப் புதுக்கோட்டையில் சங்கம் இருக்கிறது. சுவர் முழுக்க எங்கள் போட்டோதான்.

ஒரு மாணவி கையைத் தூக்கினாள். மேடை ஏறுகிறவர்களைக் கேவலமாக நினைத்தார்கள் என்று படித்தோமே என்று கேட்டாள். டீச்சரம்மா சொன்னதைக் கௌரி இப்படிச் சொன்னாள்: ரோமாபுரிச் சட்டத்தில் அவர்களுக்கு மரியாதை கிடையாது. கிரேக்க ஊர்களில் பெயர் எடுத்தவர்களுக்கு மரியாதை உண்டு. ஆள் ஒரே ஆள்தான். கப்பலேறி அந்தக் கரைக்குப் போனால் இழிந்தவன், இந்தக் கரைக்கு வந்தால் பெரிய மனிதன். அதனால்தான் இந்தக் கரையில் கல்லில் வெட்டி வைத்தான்.

அவனுக்காவது ஒரு கரை இருந்தது. எனக்குத் திருச்சியிலும் இல்லை, ஃபாரஸ்ட் கேட்டிலும் இல்லையா? அவ்வளவு வருஷம் கழிந்தும் அவன் எழுத்து நிற்கிறது. என் எழுத்து நாலு நாள் நிற்கவில்லை.

நான் எந்த எழுத்தையும் விரலை வைத்துத்தான் படிப்பேன். பழக்கத்தில் கை கல்லுக்குப் போய்விட்டது. காவலுக்கு நின்ற ஆள் ஓடி வந்து தொடக்கூடாது என்றார். அவர் சொன்னது நியாயம்தான். தொடாமல் இருந்ததால்தான் அந்த எழுத்து இருக்கிறது. இந்த ஆளை ஃபாரஸ்ட் கேட் கோயில் கமிட்டியில் போட்டிருக்க வேண்டும்.

"இதை எந்தச் சாமிக்கு வச்சானோ, அந்தச் சாமி எங்க?" என்று கேட்டேன்.

"பக்கத்து அறையிலை நிக்கிறார் அம்மா. கையும் மூக்கும் இல்லாமல்."

சாமியை ஒரு அறையிலும் உபயத்தை ஒரு அறையிலும் வைத்திருக்கிறார்கள். அதற்கும் கோபப்பட்டேன். பிறகு போய் மூக்கில்லாத சாமிக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். நாடகக்காரர்கள் கும்பிட்ட சாமி.

அன்று சாயங்காலமே செயலாளருக்குப் போன் போடச் சொன்னேன். நான் சொன்னது இதுதான்: சுரண்டின கையாலேயே மணியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். எழுத்து வெட்டுகிற இடத்தைக் கௌரி பார்த்து வைத்திருக்கிறாள். வரவில்லையென்றால் நான் ஞாயிற்றுக்கிழமை ஹாலுக்குப் போவேன், மேடையில் ஏறி, ஏன் நாடகம் இல்லை என்று மைக்கில் சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன்.

சனிக்கிழமை காலையில் வந்தார். மணியைக் குழந்தை மாதிரி மார்பில் அணைத்திருந்தார். ஸ்டேஷன் ஓரத்தில் சாவி செய்கிற, செருப்புத் தைக்கிற சின்னக் கடை. கடைக்காரர் கானா நாட்டுக்காரர், ஆஜானுபாகு. நாய்க்குக் கட்டுகிற வில்லையில் பெயர் வெட்டிக் கொடுப்பாராம். மணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு இந்த எழுத்து தெரியாது. படமாக எழுதிக் கொடுத்தால் அப்படியே வெட்டுவேன்" என்று சொன்னதாகக் கௌரி சொன்னாள்.

செயலாளர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "நான் வடிவாய் எழுதித்தாறன்" என்றார்.

"நீங்க எழுத வேணாம். பேனாவை மட்டும் குடுங்க."

நானே எழுதினேன். என் எழுத்து நேராக நிற்காது. கடைசி எழுத்துக்கு வரும்போது வரி மேலே ஏறிவிடும். கடைக்காரர் காகிதத்தைப் பார்த்தார். "தப்பாக வெட்டினால் இந்த அம்மா திட்டுவாரா?" என்று கேட்டார்.

"சரியாக வெட்டினாலும் திட்டுவா" என்றாள் கௌரி.

பல் வைத்தியர் வைத்திருப்பது மாதிரி ஒரு சின்ன மெஷினை எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, அந்தப் பள்ளத்துக்குள்ளேயே வெட்டினார். மணி ஆடாமல் செயலாளர் பிடித்துக்கொண்டு நின்றார். ரெயிலுக்குப் போகிற சனம் எல்லாம் பார்த்துக்கொண்டு போனது. கோயில் ஆட்கள் இரண்டு பேர் "என்ன சண் அண்ணை, ஆரின்ர மணி?" என்று கேட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "அம்மாவின்ர" என்றார். நான் பார்வையை எடுக்கவில்லை. "நாடக நடிகை அம்மாவின்ர" என்றார்.

எழுத்து கோணல்தான். மேலே ஏறித்தான் இருக்கிறது. முன்னே வெட்டியவர் அச்சு மாதிரி வெட்டியிருந்தார். ஆனால் அது அவர் எழுத்து. இது நான் எழுதியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாடகம் நடந்தது. பள்ளிக்கூட ஹால், நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். எங்கள் மேடையில், உபயம் செய்தவர்களின் பெயரை வேஷத்தோடேயே மைக்கில் சொல்வது வழக்கம். கமிட்டி கொடுத்த பெயரை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். டாக்டரை டாக்டர் என்றே சொன்னேன். கடைசியாக, "கோயில் மணி உபயம், கீரனூர் தனபாக்கியம், நாடக நடிகை" என்று நானே சொல்லிக்கொண்டேன். ஆர்மோனியம் ஒரு இழுப்பு இழுத்தது. கைதட்டினார்கள். பபூன் முன்னால் வந்து, "மணியைச் சுமந்த உபயம், செயலாளர் ஐயா" என்றான். அதற்குத்தான் அதிகமாகக் கைதட்டினார்கள்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஊருக்குக் கிளம்புகிற அன்று காலையில் கோயிலுக்குப் போனேன். மணியைக் கட்டியிருந்தார்கள். வாசலில்தான், சொன்ன இடத்தில்தான். என் பெயர் இருக்கிற பக்கம் சுவரைப் பார்த்து இருந்தது.

செயலாளர் விளக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார்.

"கொளுக்கி அப்பிடி அமைஞ்சு போச்சு அம்மா. இனித் திருப்ப ஏலாது."

"ஏணி எங்க?"

"அம்மா, இந்த வயதிலை ஏறி விழுந்தீங்களெண்டால் இன்சூரன்ஸ் பிரச்சினை வரும்."

"விழாம பிடிச்சுக்கங்க."

ஏணியைக் கொண்டுவந்து போட்டார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். ஆறு படி. கொக்கியில் ஒரு குழப்பமும் இல்லை. மணியைத் தூக்கி, அரைச் சுற்றுத் திருப்பி, மறுபடி மாட்டினேன். ஒரு தடவை அடித்தது. பூஜைக்கு வந்திருந்த ஏழெட்டுப் பேர் அண்ணாந்து பார்த்தார்கள்.

"இப்ப சரியா இருக்கா?" என்று கேட்டேன்.

"ஓம் அம்மா, நல்லாய் இருக்குது. இறங்குங்கோ."

"என்ன எழுதியிருக்கு, படிங்க."

"கண்ணாடி கொண்டு வரேல்லை அம்மா."

"ஆறு எழுத்துதான். கூட்டிப் படிங்க."

சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். ஏணியை இரண்டு கையாலும் பிடித்திருந்ததால் அவரால் எங்கேயும் போக முடியவில்லை. மெதுவாகப் படித்தார். சத்தமாக என்றேன். மறுபடி படித்தார். கடைசி எழுத்தையும் அவர் வாயால் கேட்ட பிறகுதான் நான் கீழ்ப்படியில் கால் வைத்தேன்.